கம்பளி நூலுக்குக் கொட்டகையில் கொஞ்சம் இடம்

ஆல்சுங்காவில் பசுக்களும் வேலியும் சொந்த ஆப்பிள் மரங்களும் சூழ வாழும், என் மனைவியின் மூத்த சகோதரர், மரியாதைக்குரிய ஏவால்ட்ஸ் மச்சான் அவர்களுக்கு, குல்டீகாவிலிருந்து மோத்ரிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் தங்கள் தங்கை விஸ்மாவும் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவி ஸ்கைத்ரா அக்காவும், சமீபத்தில் கன்று ஈன்ற செம்பசுவும், தங்களுடைய இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். அக்கா கொடுத்தனுப்பிய கறுப்பு ரொட்டி வந்து சேர்ந்தது. நன்றாக இருந்தது என்று விஸ்மா சொன்னாள். நான் சாப்பிடப் போனபோது தீர்ந்திருந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். எங்கள் வீட்டில் சமையலறையில் நின்றால்தான் போன் ஒழுங்காகக் கேட்கும். அங்கே விஸ்மா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். ஆகவே தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் மேஜையோடு கட்டி வைத்திருக்கும் பேனாவால் எழுதுகிறேன். கயிறு குட்டை. கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் என் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். எனக்குத் தங்கள் கொட்டகையில் கொஞ்சம் இடம் வேண்டும். கொஞ்சம் என்று மரியாதைக்காக எழுதியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு அந்தச் சொல்லைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம்.

மச்சான், நான் வாழ்நாள் முழுக்கத் தீக்குச்சித் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே நடந்தது எனக்குப் புரிந்தது. ஒரு வாசல் வழியாக மரம் உள்ளே வரும், இன்னொரு வாசல் வழியாகத் தீக்குச்சி வெளியே போகும். குச்சி நிறையப் போனால் முற்றத்தில் மரம் குறையும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. விஸ்மாவோ விடாமல் பின்னுகிறாள். பஸ்ஸில் பின்னுகிறாள், உருளைக்கிழங்கு வேகும்போது பின்னுகிறாள், பாதிரியார் பிரசங்கம் நீண்டுவிட்டால் அங்கேயும் பின்னுகிறாள். ஊரில் பாதிப் பேர் கையில் மாட்டியிருப்பது இவள் பின்னின கையுறைதான். கல்யாணம்னா கையுறை, குழந்தை பிறந்தா கையுறை, சவப்பெட்டி தூக்கினவங்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி. இவ்வளவு வெளியே போனா வீட்டுல நூல் குறையணுமா இல்லையா? கூடுது மச்சான். எப்படின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

கல்யாணமான புதுசுல ஒரே ஒரு பிரம்புக் கூடைதான் இருந்தது, அதுவும் நீங்க பின்னிக் கொடுத்தது. அப்புறம் கூடைக்குப் பக்கத்துல ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல ஒரு பெட்டி, அப்புறம் அலமாரியில கீழ்த்தட்டு, அப்புறம் என் கோட்டு மாட்டியிருந்த இடம். ஏன் இப்படி ஆகுதுன்னு ஒருநாள் பொறுமையா கேட்டேன். அவளும் பொறுமையா சொன்னா. ஒரு ஜோடி கையுறைக்கு அஞ்சு நிறம் வேணுமாம். பின்னி முடிச்சதும் ஒவ்வொரு நிறத்துலயும் கொஞ்சம் மிஞ்சுமாம். அதைத் தூக்கிப் போட மனசு வராது, ஆனா அடுத்த ஜோடிக்கு அது பத்தாது. பத்தாததால அதே நிறத்துல இன்னொரு சிட்டம் நூல் வாங்கணும். வாங்கிட்டு வந்து பார்த்தா அது அதே நிறம் இல்லை, வேற தொட்டியில சாயம் போட்டது. அதனால அதுக்குத் தோதா இன்னொரு சிட்டம். அதுலயும் மிஞ்சும். நான் தலையாட்டினேன். அவ சொல்றப்ப எல்லாம் சரியாத்தான் இருந்தது. எழுந்து வெளியே வந்ததும் ஒண்ணும் புரியலை.

இந்த நிற விஷயத்துல நான் என் கண்ணையே கொடுத்தேன்னு சொல்லணும். ரெண்டு சிவப்பு நூலை என் முன்னால வச்சு, ஒண்ணு காட்டுப்பழச் சிவப்பு, இன்னொண்ணு எங்க ஊர்ப் பாலத்துச் செங்கல் சிவப்பு, வித்தியாசம் தெரியலையான்னு கேட்டா. தெரியலைன்னேன். ஜன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போனா. தெரியலை. அவ என்னைப் பார்த்த பார்வையில நான் பயந்துபோய்க் கண் டாக்டர்கிட்டப் போனேன். அவர் பார்த்துட்டு வலது கண்ணுல புரை இருக்குன்னு சொல்லி அதை எடுத்தார். கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழட்டாம, அந்த ரெண்டு சிட்டத்தையும் கொண்டு வரச் சொன்னேன். முன்னைவிடத் துல்லியமாத் தெரிஞ்சது. ரெண்டும் ஒரே சிவப்பு.

வாங்குறது மட்டும்னா சமாளிச்சிருக்கலாம், செத்துப்போனவங்க நூலும் இவளுக்குத்தான் வருது. இவ பாடுற சேர்ந்திசைக் குழுவுல ஹெர்மீனேன்னு ஒரு அம்மா இருந்தாங்க, நல்ல குரல். அவங்க போன வருஷம் காலமானாங்க. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணி சாப்பிட்டுட்டு இருக்கோம். விஸ்மா அந்த அம்மாவோட மகன்கிட்டப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தணிஞ்ச குரல்ல பேசினா. அந்த ஆளும் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். ஆறுதல் சொல்றாள்னு நினைச்சு எனக்கே மனசு இளகிப் போச்சு. அடுத்த வாரம் அந்த மகன், குதிரை ஏத்துற இழுவை வண்டியோட நம்ம வாசல்ல வந்து நிக்கிறான். உள்ளே குதிரை இல்லை. ஹெர்மீனே அம்மா அம்பது வருஷமாச் சேர்த்தது அத்தனையும் இருந்தது, அதுல அவங்க பெரியம்மா செத்தப்ப அவங்களுக்கு வந்ததும் அடக்கம். நூலுக்குச் சாவே கிடையாதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஆள்தான் மாறுது.

அதுக்கப்புறம்தான் வீட்டுல எதைத் தொட்டாலும் நூலாப் போச்சு. அடுப்புக்குப் பின்னால ரொட்டி சுடுற பழைய குழியில நூல். என் அக்கார்டியன் பெட்டியைத் திறந்தா நூல்; அக்கார்டியன் தலையணை உறைக்குள்ள இருந்தது. கடைசியில தோட்டத்துல இருக்கிற குளியல்குடிலும் போச்சு மச்சான். சனிக்கிழமை ஆனா கல்லைச் சுடவச்சுத் தண்ணி ஊத்தி, பூர்ச்சமரக் கிளையால முதுகுல அடிச்சுக்கிட்டு உட்காருற சுகத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்ப அங்கே ஆவி பிடிச்சா நூல் சிக்குப் பிடிச்சுக் கட்டியாயிடுமாம். நான் சமையலறையில தொட்டியில குளிக்கிறேன், கால் வெளியே இருக்கும். அந்தக் குடிலை நான் என் கையால கட்டினேன். அதுல இப்ப பூச்சி வராம இருக்கக் கிராம்பும் லாவெண்டரும் தொங்குது. நான் கதவைத் திறந்தாத் தும்மல் வருதே தவிர வேற ஒண்ணும் வரலை.

என் பெயர்நாள் அன்னைக்கு நடந்ததை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, ஆனா தப்பாக் கேள்விப்பட்டிருப்பீங்க, அதனால நானே எழுதிடுறேன். காலண்டர்ல நம்ம பேர் போட்டிருக்கிற நாள்ல யாரையும் அழைக்கிறதில்லை, வர்றவங்களை அனுப்புறதுமில்லை. வந்தவங்களை எங்கே உட்கார வைக்கிறதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தப்பவே எதிர்வீட்டு புரூனோ, பழைய போலீஸ்காரர், நல்ல கனமான ஆள், மூலையில இருந்த சாய்வு நாற்காலியில போய் உட்கார்ந்தார். அது நாற்காலியே இல்லை. ஒரு சட்டத்து மேல விரிப்புப் போட்டிருந்தது, கீழே முழுக்க நூல். மனுஷன் மெதுவா இறங்கி இறங்கி முழங்கால் காது பக்கம் வந்துடுச்சு. போலீஸ்காரர் இல்லையா, முகத்துல எதையும் காட்டிக்கலை, அப்படியே கேக்கும் சாப்பிட்டார், காபியும் குடிச்சார். நாங்க ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம். அவர் கோட்டுப் பொத்தான்ல ஒரு நுனி மாட்டிக்கிட்டதை யாரும் பார்க்கலை. அவர் தெருவைத் தாண்டி, ரொட்டிக்கடைக்குப் போய், யாரோடயோ பேசி, சுத்தி வந்து வீட்டுக்குப் போயிருக்கார். தெரு முழுக்க மஞ்சள் நூல். சைக்கிள்ல போனவன் இறங்கி நின்னுட்டான். விஸ்மா அவர் வீட்டு வாசல்ல இருந்து சுத்த ஆரம்பிச்சு, வழியில எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கிட்டே சுத்திக்கிட்டு வந்தா. போனதைவிட அதிகமாத்தான் திரும்பி வந்தது. புரூனோவோட சம்சாரம், இவ கையில மஞ்சளைப் பார்த்துட்டு, என்கிட்டயும் கொஞ்சம் கிடக்கு, நீயே வச்சுக்கன்னு ஒரு பை கொடுத்திருக்காங்க.

அன்னைக்கு எனக்குக் கோபம் வந்தது. இனி நூல் வாங்கினா நான் படகுத்துறையில போய்ப் படுத்துக்குவேன்னு சொன்னேன். இனி ஒரு சிட்டம்கூட வாங்கமாட்டேன்னு உங்க தங்கச்சி பைபிள் மேல கை வச்சுச் சொன்னா. சொன்ன சொல் தவறலை, அதையும் எழுதணும். அடுத்த மாசம் பழைய துணிக்கடையில இருந்து ஒரு மூட்டை ஸ்வெட்டர் வந்து இறங்குச்சு. யாருக்குன்னு கேட்டேன். ஒரு ஸ்வெட்டரோட கழுத்துல கத்தரி வச்சு, நுனியை இழுத்து, சுத்த ஆரம்பிச்சுட்டா. நூல் வாங்கலையே, ஸ்வெட்டர்தானே வாங்கினேன்னு சொன்னா. நான் தலையாட்டிட்டுப் படகுத்துறைக்குப் போனேன், மழை வந்ததால திரும்பி வந்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிமேல் எழுதப்போறதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஈஸ்டர் கழிஞ்சதும் எங்க மக இங்குனா அயர்லாந்துல இருந்து பேசினா. நம்ம ஊர்லயே முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சிருக்கு, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன், நடுக்கோடைத் திருநாளுக்கு முன்னாடி வந்துடுவேன், இனி திரும்பிப் போகமாட்டேன்னு சொன்னா. என் மக போய் எத்தனை வருஷம் ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். காளான் பறிக்கிற வேலைக்குன்னு ஒரு பையோட போனவ. பேத்தியை நான் போன் கண்ணாடியில பார்த்ததோட சரி. எனக்குத் தலைகால் புரியலை. நேரா மாடிக்கு ஏறினேன், இங்குனா ரூமைச் சுத்தம் பண்ணலாம்னு. கதவு திறக்கலை. பூட்டுக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தோளைக் கொடுத்தேன். கொஞ்சம் உள்ளே போய், மெத்தை மாதிரித் திரும்ப வந்தது. தோட்டத்து ஏணியை எடுத்து ஜன்னல் வழியாப் பார்த்தேன். தரையில இருந்து கூரை வரைக்கும் மூட்டை. கட்டில் எங்கே இருக்குன்னே தெரியலை.

விஸ்மாகிட்டச் சொன்னேன். சரி, பார்க்கலாம்னா. ஒரு வாரம் ஆச்சு, பார்க்கலை. நானே ஆரம்பிச்சேன், காலையில நாலஞ்சு மூட்டை கீழே இறக்குவேன். மீன் பிடிச்சுட்டு வந்து பார்த்தா மறுபடி மேலே இருக்கும். அவளுக்கும் என் வயசுதான், எப்படி ஏத்துறான்னு தெரியலை. கேட்டா, ஹாலில் ஈரம்னு சொல்லுவா. இங்குனா பத்திப் பேச்சு எடுத்தா, உப்புப் போட்டேனான்னு பாருங்கன்னு சூப்பை நீட்டுவா. எனக்கு ஒண்ணும் புரியலை மச்சான். பெத்த பொண்ணு வர்றா, இவளுக்கு வேண்டாமா? ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா? என்கிட்ட மறைக்கிறாங்களா? போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாடிப்படியில அவ ஒரு மூட்டையோட மேலே ஏற, நான் ஒரு மூட்டையோட கீழே இறங்க, நடுவுல ரெண்டு பேரும் நின்னுட்டோம். வழி விட இடம் இல்லை.

"உனக்கு மக வேணுமா, நூல் வேணுமா, இன்னைக்குச் சொல்லிடு"ன்னு கேட்டேன்.

கேட்கக்கூடாத கேள்விதான். அவ கோபப்படலை. மூட்டையைப் படியில வச்சு அது மேலேயே உட்கார்ந்தா.

"இதுக்கு முன்னாடி மூணு தடவை வர்றேன்னு சொன்னா," அப்படின்னா.

அது எனக்கும் தெரியும். முதல் தடவை வேலை மாறிடுச்சு, அடுத்த தடவை பாப்பாவுக்குக் காய்ச்சல், மூணாவது தடவை காரணமே சொல்லலை.

"மூணு தடவையும் ரூமை ஒழிச்சேன். நீங்க ஷிப்டுக்குப் போயிருப்பீங்க. கடைசித் தடவை கண் ஆஸ்பத்திரியில இருந்தீங்க. எல்லாத்தையும் இறக்கி, தரையைத் தேய்ச்சு, திரைச்சீலையைத் துவைச்சுக் கஞ்சி போட்டு, கட்டில்ல வெள்ளை விரிப்புப் போட்டு வச்சேன். அவ வரலை. நான் தினம் படியேறிப் போய் அந்த விரிப்பைப் பார்ப்பேன். ஒரு சுருக்கம் இருக்காது. காலியா இருக்கிற ரூம் கதவைத் திறக்கிறதைவிட, கதவே திறக்காம இருக்கிறது எவ்வளவோ மேல்னு தோணுச்சு. அதான் ரொப்பினேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமா ரொப்பினேன்."

ஏணியில ஏறிப் பார்த்த நாள்ல இருந்து, அந்த ரூம் இத்தனை வருஷமும் நிறைஞ்சே இருந்ததாத்தான் நான் நினைச்சிருந்தேன். என் தலைக்கு மேல மூணு தடவை காலியாகி மூணு தடவை நிறைஞ்சிருக்கு, நான் கீழே உட்கார்ந்து சிவப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். என்னமோ கேட்கணும்னு கேட்டேன்: "இந்தத் தடவையும் வராமப் போயிட்டா?"

"மறுபடி ஏத்தணும்," அப்படின்னா. "உங்க முதுகு தாங்குமா?"

தாங்கும்னு சொன்னேன். தாங்குமான்னு எனக்கு உறுதியாத் தெரியாது, ஆனா அந்த இடத்துல வேற எதையும் சொல்ல முடியாது. அவ எழுந்து, மூட்டையைத் திருப்பி, எனக்கு முன்னாடி கீழே இறங்கினா.

அன்னையில இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து இறக்குறோம். கட்டில் தெரிஞ்சுடுச்சு. நேத்துத் திரைச்சீலை காயப் போட்டிருக்கா. ஆனா இறக்கினதெல்லாம் இப்ப கீழே இருக்கு. ஹாலில் நடக்க வழி இல்லை, சமையலறையில அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவுல ஒருக்களிச்சுத்தான் போகணும், தபால்காரி ஜன்னல் வழியாக் கடிதம் கொடுக்கிறா. நான் சாப்பிடும்போது காலைத் தூக்கி மூட்டை மேல வச்சுக்கிறேன். என் பேத்தி இந்த வீட்டுக்குள்ள வந்தா முதல் நாளே தொலைஞ்சு போயிடுவா.

ஆகவே மச்சான் அவர்களே, தாங்கள் பெரிய மனது வைத்து, திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை, டிராக்டரின் பின்னால் பெரிய வண்டியை மாட்டிக்கொண்டு வந்து, இவை அனைத்தையும் தங்கள் கொட்டகைக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறேன். கொட்டகை உலர்ந்த இடம், பூனையும் இருக்கிறது. போன கோடையில் நானே பார்த்தேன், வைக்கோல் போக ஏகப்பட்ட இடம் கிடந்தது. விஸ்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்கள் வண்டியோடு வந்து நின்ற பிறகு, கூடப்பிறந்த அண்ணனிடம் அவள் முடியாது என்று சொல்லமாட்டாள் என்று நம்புகிறேன்.

தங்கள் பசுக்கள் குறையில்லாமல் கறக்கட்டும். புல் அறுக்கும் நாட்களில் மழை தள்ளிப் போகட்டும். ஸ்கைத்ரா அக்காவுக்கு என் வணக்கத்தையும், அடுத்த ரொட்டியை என் பெயர் எழுதி அனுப்பும்படியான என் வேண்டுகோளையும் சொல்லவும்.

தங்கள் அன்புக்கும் கொட்டகைக்கும் காத்திருக்கும்,
மோத்ரிஸ்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினதையெல்லாம் படிக்காத மாதிரி வச்சுக்கோங்க. உறையை ஒட்டி முடிக்கிறதுக்குள்ள தபால் நிலையத்து அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டாங்க, ஸ்டாம்பு வாங்க முடியலை. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். விஸ்மா உறையில உங்க பேரைப் பார்த்துட்டு என்ன விஷயம்னு கேட்டா, சொல்லிட்டேன். கையில இருந்த கரண்டியைக் கீழே வச்சுட்டு, கொட்டகையில இடம் கிடையாதுன்னா. நான் பார்த்தேனேன்னு சொன்னேன். வைக்கோலுக்குப் பின்னாடி பார்த்தீங்களான்னு கேட்டா. அங்கே இருக்கிறது எங்க நூலாம். நான் சத்தம் போட்டப்பல்லாம் இவ தன் மூட்டையை உங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கா. நீங்க சத்தம் போட்டப்பல்லாம் அக்கா தன் மூட்டையை எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. புருஷன் கேட்டா ரெண்டு பேரும் இது என்னோடது இல்லைன்னு தைரியமாச் சத்தியம் பண்ணலாம். மாடி ரூமை ரொப்ப எங்களது பத்தாம, அக்காகிட்டக் கேட்டிருக்கா. அவங்க ஏன்னுகூடக் கேட்காம அனுப்பி வச்சிருக்காங்க. நான் முதுகு ஒடிய இறக்கினதுல பாதி உங்க வீட்டு நூல் மச்சான். உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரியாத மாதிரியே இருந்துடுங்க.

அதனால டிராக்டர் வேண்டாம். சும்மா காரில் வாங்க, வியாழக்கிழமையே வந்துடுங்க, இங்குனா அன்னைக்குத்தான் வந்து இறங்குறா, டிக்கெட் எடுத்துட்டதா இப்பத்தான் பேசினா. பாப்பா கையைத் தாள்ல வச்சு வரைஞ்சு அந்தப் படத்தையும் அனுப்பியிருக்கா. விஸ்மா அதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஊசியை எடுத்து முதல் வரிசை போட்டுட்டா. பாப்பா வர்றதுக்கு முன்னாடியே, வந்துடுவான்னு நம்பி அவளுக்குன்னு கையுறை பின்னுறது இதுதான் முதல் தடவையாம். அதுக்கு ஒரு பாசிப்பச்சை வேணுமாம், அது இந்த வீட்டுல இல்லையாம். வைக்கோலுக்குப் பின்னாடி, சுவரோரமா, நீலக் கோணிப்பையில இருக்காம். வரும்போது அந்தப் பையைக் கொண்டு வந்துடுங்க, அக்கா பார்த்தா மண்வெட்டி தேடினேன்னு சொல்லிக்கோங்க. அது பக்கத்துல இன்னும் ரெண்டு பை இருக்காம். எதுக்கும் அதையும் போட்டுட்டு வாங்க. இடம் நான் பார்த்துக்கிறேன்.